வாடகை கேசட்டில் அக்காவின் குரல்

அன்று வீட்டில் அக்காவும் நானும் இருந்தோம். மூட்டை தூக்கும் அப்பா காந்தி மார்க்கெட்டில் இருந்தார். இன்று ஒரு பழைய கேசட்டை முகர்ந்ததும் எல்லாம் நினைவுக்கு வந்துவிட்டது: திருவானைக்காவலில் இப்போது இல்லாத கேசட் கடையில் வாடகைக்கு எடுத்த ராக் அண்ட் ரோல் பாடகரின் கேசட், அவரும் மூட்டை தூக்கி வளர்ந்தவர்தான் என்று அட்டையை நான் எழுத்துக்கூட்டிப் படிக்கப் படிக்க அக்கா குதித்த குதி, யாரும் மேலே பதிந்துவிடாதபடி கடைக்காரர் கேசட்டின் விளிம்பில் உடைத்திருந்த ஓட்டையில் காகிதம் அடைத்து அவர் பாட்டின் மேலேயே அவள் பாடிப் பதிந்த வேகம்!

மாலையில் அப்பாவோடு திருப்பித் தரப் போனோம். கடைக்காரர் போட்டுக் கேட்டுச் சிரித்தார்.

"யாருண்ணே இந்த ராக்கு பாடகி? அழிச்சுட்டு மறுபடி பதிஞ்சுக்கிறேன், காசு வேணாம்."

அக்கா என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"அழிக்காதீங்க," என்றார் அப்பா. "எம்பொண்ணு குரலுங்க அது. கேசட்டை நானே எடுத்துக்கிறேன்."

அதற்கு அப்பாவின் ஒருநாள் கூலி முழுசும் போனது: எண்பது ரூபாய்.