மேற்கே பார்த்துவிட்டு அடையாறு போன கதை

யுத்தம் முடிந்த மறு வருஷம், ஐப்பசிக் கடைசியில் மதராஸ் போனேன். வேடிக்கை பார்க்க அல்ல. நீலகிரியின் மேற்கு ஓரம், கூடலூரில் நான் பூகோள வாத்தியார். ஆனியில் பிடிக்கும் மழை அங்கே ஆவணி வரை விடாது. அந்த ஈரத்தில் என் நான்கு வயது மகளுக்கு ஓயாத இளைப்பு. "மலையை விட்டு இறங்கினால்தான் பிழைக்கும்" என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்துக்கு மனுப் போட்டேன். நேரில் வரச் சொன்னார்கள்.

ஊட்டிக்கு பஸ், முப்பது மைல் சொச்சம். மலை ரயிலில் மேட்டுப்பாளையம், அங்கிருந்து மதராஸ் ரயில். மயிலாப்பூரில் தெரிந்தவர் அறையில் குளித்துவிட்டு ஒன்பதரைக்கு ஜட்கா பிடித்தேன். அடையாறு மூன்று மைல், பத்தணா. (ஆறணாவுக்குப் பேசலாமாம். பிறகுதான் தெரிந்தது.)

எங்கள் ஊருக்கு மழை மேற்கேயிருந்துதான் வரும்; யாரும் அங்கே பார்க்காமல் வாசல் தாண்ட மாட்டார்கள். அறையை விட்டுக் கிளம்பும்போது நானும் மேற்கே பார்த்தேன். பளிச்சென்று இருந்தது. குடையை அறையிலேயே வைத்துவிட்டேன்.

"இன்னா சார், கொடை இல்லியா?" என்றார் ஜட்காக்காரர்.

"மேற்கே வெளுத்திருக்கே ஐயா."

"மேற்க இன்னாத்துக்குப் பாக்குறே நைனா? மய கடலாண்டேர்ந்து வருது. அங்க பாரு, கருத்துக்கினு கீது!"

அடையாற்றுப் பாலத்துக்கு முன்பே மழை பிடித்துக்கொண்டது. குதிரை மிரண்டு நின்றுவிட, கடைசி அரை மைல் நடை. வடகிழக்குப் பருவக்காற்று என்று ஐந்து வருஷமாகக் கரும்பலகையில் அம்புக்குறி போட்டவன் நான். பிறகு ஏன் மேற்கே பார்த்தேன்? எனக்கே விளங்கவில்லை.

தலைமையாசிரியர் சான்றிதழை விரித்தார். என் பெயர் நீல மையாக வழிந்திருந்தது.

"பூகோளம் நடத்தறவர், ஐப்பசியில குடையில்லாம வரேளே?"

மேற்கே பார்த்ததையும் மகளின் இளைப்பையும் உளறிக் கொட்டினேன்.

"மழைக்குப் பயந்துண்டா இங்க வந்தேள்?" என்று ஜன்னலைக் காட்டினார். வெளியே இடித்துக் கொட்டியது. வேலை போயிற்று என்று எனக்கு அழுகையே வந்துவிட்டது.

"தை பொறந்ததும் வந்து சேருங்கோ. அதுக்குள்ள மழை நின்னுடும். கொழந்தைக்கு ஒத்துக்கும்."

வேலை கிடைத்தது புரியாமலே கும்பிட்டுவிட்டு, வாசற்கதவு என்று நினைத்து அவருடைய அலமாரியைத் திறந்தேன்.

ஐப்பசி, கார்த்திகையில் மதராஸ் வரும் மலைநாட்டுக்காரர்களே, கிழக்கே பாருங்கள். பாலம் தாண்ட ஒரு மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள். காகிதங்களை மெழுகுசீலையில் சுற்றுங்கள்.

தையில் குடும்பத்தோடு வந்தேன். இரண்டு வாரம் கழித்து ஒரு மத்தியானம், மகள் தூங்கிக்கொண்டிருந்தாள். இளைப்புச் சத்தமே கேட்கவில்லை. பதறிப்போய் அவள் மூக்கருகே விரலை வைத்துப் பார்த்தேன். மூச்சு வெதுவெதுப்பாக, சீராக வந்துகொண்டிருந்தது.