கியோட்டோக் கோயில் வாசலில் விட்ட சப்பாத்து

நான் சுவிஸில், பாசல் நகரில் இருக்கிறேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள். ஆட்களோடு கதைக்கக் கூச்சம். அப்படிப்பட்ட என்னை மகள் ஒருமுறை ஜப்பானுக்குக் கூட்டிப் போனாள்.

கியோட்டோவில் ஒரு பெரிய கோயில். "டிக்கெட் எடுத்துக்கொண்டு வாறன். இந்த வாசலிலையே நில்லுங்கோ அம்மா" என்று சொல்லிப் போனாள். கோயிலைக் கண்டதும் நான் வாசலிலேயே சப்பாத்தைக் கழற்றி வைத்துவிட்டு, கும்பிட்டபடி உள்ளே நடந்துவிட்டேன். திரும்பினால் எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி வாசல்கள். என் போன் மகளின் பையில் இருந்தது.

சரளைக்கல் காலில் குத்த, நின்று அழுதேன். என் வயதுள்ள ஜப்பானியப் பெண் ஒருவர் வந்து ஏதோ கேட்டார். நான் வெறுங்காலைக் காட்டினேன். அவர் சிரிக்கவில்லை. என் கையைப் பிடித்து ஒவ்வொரு வாசலாகக் கூட்டிப் போய், நிலத்தைப் பார்த்துத் தேடினார். மூன்றாவது வாசலில் சப்பாத்து இருந்தது. பக்கத்தில் மகள் கலங்கிப்போய் நின்றாள்.

"இஞ்ச உள் மண்டபத்திலைதான் கழட்டுறது. சொன்ன இடத்திலை நிண்டது உங்கட சப்பாத்து மட்டுந்தான் அம்மா."

அந்தப் பெண் குனிந்து, நான் காலை நுழைக்கத் தோதாகச் சப்பாத்தைத் திருப்பி வைத்தார். "நன்றி அக்கா" என்று தமிழில் சொன்னேன். அவருக்கு விளங்கியது.

முன்பெல்லாம் பாசலில் கீழ்வீட்டுச் சுவிஸ் மனுசி படியில் வணக்கம் சொன்னால், பாஷை தெரியாத கூச்சத்தில் கதவைச் சாத்திவிடுவேன். அது அவருக்கு எப்படி இருந்திருக்கும் என்று ஒருநாளும் யோசித்ததில்லை. இப்போது நின்று, தமிழிலேயே சுகம் கேட்கிறேன். அவரும் தன் பாஷையில் ஏதோ சொல்வார். இருவரும் கொஞ்ச நேரம் படியில் நிற்போம்.