கூண்டைச் சுற்றிய மிளகாய்

சுங்கை பினாங்கில் என் பக்கத்து வீட்டில் வாடகைக்கு இருந்த சந்திரிகாவுக்கு அப்போது நாற்பது வயது. பாயான் லெப்பாஸ் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை. ஏன் கல்யாணம் செய்துகொள்ளவில்லை என்று கேட்பவர்களிடம், "ஒங்களுக்கு ஆச்சே, என்னா கண்டீங்க?" என்பாள். யாருக்கும் பயப்படாதவள். 1986இல், கோலாலம்பூருக்குக் குடிபோன தோழியின் நாயை எடுத்துக்கொண்ட பிறகுதான் அவள் பயந்ததைப் பார்த்தேன்.

நாயின் பெயர் ரோஸி. சந்திரிகா வேலைக்குப் போகும் நேரத்தில் அது கூண்டுக்குள் இருக்க வேண்டும் என்றார் வீட்டுக்காரர் விநாசித்தம்பி. அவளும் இரும்புக் கூண்டு வாங்கிக் குசினிக்குப் பின்னால் வைத்தாள். கதவைச் சாத்தியதும் ரோஸி ஊளையிட்டது. கம்பியைக் கடித்து வாயைப் புண்ணாக்கிக்கொண்டது. மாதக் கடைசிக்குள் சத்தம் நிற்காவிட்டால் நாய் போக வேண்டும் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார்.

நான் ஆஸ்பத்திரியில் தாதியாக இருந்தவள்; அதனால் எல்லாருக்கும் 'மிஸ்ஸி'. பயந்த நோயாளியைக் கட்டிலுக்குப் பழக்குவதுபோலத்தான் செய்தேன். கதவைத் திறந்தே வைத்து உள்ளே சோறு போட்டேன். தானாகப் போய்த் தின்றது. பிறகு கதவைச் சாத்தி உடனே திறந்தேன். அடுத்து, கொஞ்சம் பொறுத்துத் திறந்தேன். சீக்கிரமே ரோஸி உள்ளேயே படுத்துத் தூங்கியது.

ஆனால் சந்திரிகா மதிய ஷிப்டுக்குக் கிளம்பினால் பழைய ஊளைதான். காலை ஷிப்டு என்றால் சத்தமே இல்லை. அதே நாய், அதே கூண்டு. எனக்கு ஒன்றும் புரியவில்லை. கிளம்பும்போது கொஞ்சாதே என்றேன், நிறுத்தினாள். வெயிலோ என்று கூண்டை நிழலுக்கு நகர்த்தினேன். ஊளை குறையவில்லை.

ஒரு மதியம் ரோஸிக்குச் சோறு எடுத்துக்கொண்டு போனேன். சந்திரிகா உப்பையும் காய்ந்த மிளகாயையும் கையில் பொத்திக் கூண்டைச் சுற்றிவிட்டு, பக்கத்தில் பிஸ்கட் டின்னில் இருந்த கரி நெருப்பில் போட்டாள்.

"என்னாடி இது?"

"திருஷ்டி, மிஸ்ஸி. இவ்ளோ மிளகா போட்டும் நெடியே வரல. எவ்ளோ கண்ணு பட்டிருக்கு பாருங்க லா!"

அவளுக்கு எப்படி நெடி வரும்? காற்று மறுபக்கம் அடித்தது. புகை முழுவதும் கூண்டுக்குள் போனது. ரோஸி தும்மி, மூக்கைக் கம்பியில் தேய்த்து, ஊளையிடத் தொடங்கியது.

"ஒன் மிளகாயாலதான் அது கத்துது!"

"அது கத்துனதாலதான் நான் சுத்துறேன். நேத்து அஞ்சு, இன்னைக்குப் பத்து."

"காலையில ஏன் சுத்தல?"

"காலையில எங்க டைம்? பஸ் வந்துரும்."

டின்னை நானே தூக்கிக்கொண்டு போய்த் தண்ணீர் ஊற்றினேன்.

"கண்ணு போகாம நாய் போச்சுன்னா, ஒங்க மேலதான் பழி, மிஸ்ஸி," என்றாள். கண் கலங்கியிருந்தது.

பயம் எனக்கும் வந்தது. புகை நின்ற பிறகும் மதியத்தில் ரோஸி கூண்டுப் பக்கம் வரவில்லை. சோற்றைத் திரும்பக் கூண்டு வாசலில் வைத்து ஆரம்பித்தேன். மெல்ல உள்ளே போனது. புகை நின்றதா, சோறா, எது வேலை செய்தது என்று இன்றும் எனக்குச் சரியாகத் தெரியாது. அந்தப் பத்து மிளகாய்தான் என்கிறாள் சந்திரிகா.

மாதக் கடைசியில், அவள் மதிய ஷிப்டுக்குப் போயிருந்தபோது, விநாசித்தம்பி வந்து குசினிப் பக்கம் காது கொடுத்து நின்றார்.

"என்ன மிஸ்ஸி, சத்தத்தைக் காணேல்லை. நாயைக் குடுத்துப் போட்டாளோ?"

"உள்ளதான் இருக்கு. பாருங்க."

எட்டிப் பார்த்தார். ரோஸி ஒரு கண்ணைத் திறந்து அவரைப் பார்த்துவிட்டு மூடிக்கொண்டது.

"அப்ப இருக்கட்டும்," என்று சொல்லிவிட்டு, சத்தம் வராமல் நடந்து போனார்.