கவிழ்த்துப் போட்ட முகம்

மெரெகராகா வாய் திறந்தால் ஊர் தாங்காது என்று அவள் கணவன் ருவாவே சொல்வான். அப்படிப்பட்டவள் மூன்று வாரம் வாயைக் கட்டிப்போட்டாள் என்றால் வயிற்றுப்பாடுதான் காரணம், வேறென்ன? இறைச்சித் தொழிற்சாலையை மூடிவிட்டார்கள். ருவா வேலையில்லாமல் வீட்டில் உட்கார்ந்து பழைய வலையைத் தைத்துக்கொண்டிருந்தான். கடற்கரை ஹோட்டலில் மேஜையில் தட்டு வைத்தும் துணி துவைத்தும் அவள் கொண்டுவருவதில்தான் நாலு பேர் சாப்பிட வேண்டும்.

வேலையில் அவள் ஒரு கறார்க்காரி. சமையலறைத் துணியும் தலையணை உறையும் ஒரே மெஷினில் விழக் கூடாது. சாப்பாட்டு மேஜையில் யாராவது உட்கார்ந்தால் துடைப்பத்தோடு வருவாள். உடம்பு வேறு, தீனி வேறு; அதிலும் தலை புனிதம், சாப்பாடு அதன் கிட்டவே வரக் கூடாது. நியூசிலாந்தின் பூர்வகுடிகளான எங்கள் மாவோரி வீடுகளில் இது பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும்.

தெரியாதவன் ஒருவன் வந்து சேர்ந்தான். புது மேனேஜர் கேவின், தெற்கிலிருந்து வந்த வெள்ளைக்காரன். நல்லவன், சிரித்த முகம். பழைய கப்பல் பயணப் புத்தகம் ஒன்றிலிருந்து ஒரு செதுக்குப் படத்தை எடுத்து, பிளாஸ்டிக் பூசி, தட்டுக்கு அடியில் போடும் விரிப்பாக அறுபது அடித்து வாங்கிவிட்டான்.

படத்தில் ஓர் ஆள். கொண்டையில் எலும்புச் சீப்பு, இரண்டு இறகு, காதில் கல் தொங்கல், முகமெங்கும் சுருள் சுருளாகப் பச்சை குத்து. செப்புத் தகட்டில் செதுக்கியவன் கடலையே தாண்டாதவன் போலிருக்கிறது, மூக்கை லண்டன் மூக்காக்கிவிட்டான். கண்ணை மட்டும் தப்பாமல் போட்டிருந்தான். கீழே ‘நியூசிலாந்து ஆண்’ என்று எழுத்து, அவ்வளவுதான். பெயர் கேட்க ஒருத்தனுக்கும் தோன்றவில்லை, பாவிகள்!

அந்த நெற்றியில் சுடச்சுட முட்டையும் பன்றிக்கறியும் இறங்கப்போகிறது என்று நினைத்ததும் மெரெகராகாவுக்கு உடம்பே கூசியது.

“என்னக்கா, பேயறைஞ்ச மாதிரி நிக்கிற?” என்றான் சமையல்காரன் ஹோஹெபா. அவனும் மாவோரிதான், வடக்குக் குலத்துக்காரன், வம்புக்கென்றே பிறந்தவன். “மூஞ்சியப் பாத்தா உங்க குலத்து ஆளு மாதிரி இருக்கு. அப்ப தட்டு வைக்கலாம், தப்பில்ல. எங்க ஆளா இருந்தாத்தான் பாவம்.”

“உன் வாயில கொதிக்கிற எண்ணெய ஊத்த! மேனேஜர்கிட்ட நீ சொல்லேன்.”

“நானா? எனக்கும் புள்ளகுட்டி இருக்கு தாயே.”

அவளும் சொல்லவில்லை. அறுபதையும் கவிழ்த்துப் போட்டாள். பின்பக்கம் வெறும் வெள்ளை. தினமும் காலையில் கவிழ்ப்பாள், மாலையில் துடைத்து அடுக்குவாள். கவிழ்த்தாலும் தலை தலைதான், அதன்மேல் தட்டு தட்டுதான் என்று அவளுக்குத் தெரியாதா? வீட்டில் ரொட்டியைப் பிய்க்கும்போதெல்லாம் அந்த முகம் நினைவுக்கு வந்தது. “அவங்ககிட்டச் சொன்னாலும் புரியாது, விடு” என்று ருவாவிடம் சொல்லித் தன்னையே சமாதானப்படுத்திக்கொண்டாள்.

மூன்றாம் வாரம் வெள்ளிக்கிழமை. நாற்பது பேர் பஸ்ஸில் வந்து இறங்கப்போகிற காலை. கேவின் புது விரிப்புக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தான்.

“மெரெ, இதைப் பாருங்க! எப்பப் பாத்தாலும் யாரோ திருப்பித் திருப்பிப் போட்டிருக்காங்க. சரி, பின்பக்கமும் ஏதாவது பாக்க ஆசை போலன்னு ரெண்டு பக்கமும் அடிக்கச் சொல்லிட்டேன்.”

ஒரு பக்கம் அதே ஆள். மறுபக்கம் ஒரு பெண், தாடையில் பச்சை குத்து, முதுகில் குழந்தை.

கதவுக்குப் பின்னால் ஹோஹெபா சிரிப்பை அடக்கமாட்டாமல் கரண்டியைக் கீழே போட்டான். மெரெகராகாவுக்குச் சிரிப்பு வரவில்லை. இனிக் கவிழ்க்கப் பக்கம் ஏது? விரிப்புக் கட்டை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள். வலையும் கையுமாக ருவா கண்முன் வந்து போனான்.

“போட மாட்டேன்” என்றாள்.

“என்னது?”

“இது தலை. தலைமேல சாப்பாடு வைக்கக் கூடாது. திருப்பிப் போட்டது நான்தான். வேலையவிட்டுத் தூக்கணும்னா தூக்குங்க.”

கேவினுக்குக் காது சிவந்தது. “மூணு வாரமா? ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே! நான் என்ன கடிச்சா தின்னுடுவேன்?” படத்தைக் கூர்ந்து பார்த்தான். “யாரு இவரு? உங்க தாத்தாவுக்குத் தாத்தாவா?”

“தெரியாது.”

“உங்க குலமா?”

“அதுவும் தெரியாது.”

“அப்புறம் உங்களுக்கு ஏன் இவ்வளவு...”

“தெரியாததாலதான்” என்றாள் அவள். “பேரு தெரிஞ்சிருந்தா அவரு வீட்டு ஜனமே வேன் புடிச்சு வந்து உங்ககிட்ட நியாயம் கேட்டிருக்கும். இந்த ரூம்ல இவருக்கு என்னை விட்டா யாரு இருக்கா?”

வெளியே பஸ் ஹாரன் கேட்டது. கேவின் அலமாரியிலிருந்த பழைய அறுபதையும் எடுத்துவந்து அவளிடம் நீட்டினான். “வெறும் மேஜையிலயே போடுங்க. இதையெல்லாம் என்ன செய்யணும்னு நீங்களே சொல்லுங்க. நாளைக்கும் வேலைக்கு வரணும்.”

நாற்பது பேரும் வெறும் பலகையில் சாப்பிட்டார்கள். ஏன் என்று ஒருத்தரும் கேட்கவில்லை.

மெரெகராகா எல்லாவற்றையும் துவைக்கும் அறைக்குக் கொண்டுபோனாள். ஒன்றை எடுத்து ஜன்னலோரம் நிமிர்த்திச் சாய்த்துவைத்தாள். வேலை போகவில்லை. ஆனாலும் அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஒரே வார்த்தை. முதல் நாளே சொல்லியிருந்தால் முதல் நாளே எடுத்திருப்பான்.

“அவனுக்குப் புரியாதுன்னு நானே முடிவு பண்ணி உங்களக் குப்புறத் தள்ளிட்டேன். மன்னிச்சுக்குங்க ஐயா” என்று அந்தப் பெயரில்லாதவரிடம் சொல்லி, விக்கி விக்கி அழுதாள்.