சில்வெஸ்டர் பையனும் பதினோராம் வகுப்பு சீட்டும்

சாந்தோம் லியோனார்டிடம் நீங்கள் யார் என்று கேட்டால், "நான் சில்வெஸ்டர் பையன்" என்பார். தலை பாதி வழுக்கை, மூட்டுவலி வேறு. பையனாம். அடையாறில் ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனி வேலை, லூயிசா என்று மனைவி, பத்தாவது முடித்த சான்ட்ரா என்று ஒரே மகள், இதெல்லாம் அப்புறம்தான் அவருக்கு ஞாபகம் வரும்.

புனித சில்வெஸ்டர் ஆண்கள் மேல்நிலைப் பள்ளியைக் கட்டியது வெள்ளைக்காரச் சாமியார்கள். பக்கத்துக் கன்னியர் மடத்துப் பெண்கள் பள்ளிக்கும் இதற்கும் நடுவே அப்போதே ஒரு மதிலை எழுப்பி, உச்சியில் பாட்டில் கண்ணாடியையும் பதித்துவிட்டார்கள். இந்தப் பக்கம் ஃபிசிக்ஸ், ஃபுட்பால். அந்தப் பக்கம் தையல், பாட்டு, பிற்பாடு போனால் போகிறதென்று காமர்ஸ். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் இரு தரப்பும் செய்த முன்னேற்றம், உடைந்த கண்ணாடியை எடுத்துவிட்டுப் புதுசு பதித்ததுதான். இந்தப் பெருமையைத் தன் பாட்டன் சொத்து போலப் பேசிக்கொண்டு திரிவார் லியோனார்ட். அவர் அங்கே கிழித்ததோ ஒன்பதாம் வகுப்பை இரண்டு தடவை. சீட்டு கிடைத்ததே கோயில் உபதேசியாராக இருந்த மாமா, சாமியாரின் காலைப் பிடித்ததால். அதை யார் இப்போது கேட்கப்போகிறார்கள்? பழைய மாணவர் சங்கத்துக்கு அவர்தான் செயலாளர்.

இந்த வருஷம் தலையில் இடி விழுந்தது. பையன்கள் வருவது குறைந்துபோனதால் பதினோராம் வகுப்பில் பெண்களையும் சேர்ப்பதென்று தலைமையாசிரியர் ஃபாதர் ஆஸ்டின் அறிவித்தார். லியோனார்டுக்குச் சோறு இறங்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் கோயில் வாசலில் நண்பர் ரொனால்டைப் பிடித்துக்கொண்டார்.

"பொண்ணுங்க உள்ள வந்தா டிசிப்ளின் இன்னா ஆவுறது மச்சி?"

"நாம படிக்க சொல்ல இன்னா டிசிப்ளின் இருந்துச்சு? அந்தப் பக்கம் பாக்குறேன்னு மதில் ஏறி கையைக் கிழிச்சுக்கினவன் நீ."

"அதான் சொல்றேன். நமக்குத் தெரியாததா?"

வீட்டில் வேறு ஒரு கதை ஓடிக்கொண்டிருந்தது. சான்ட்ராவுக்குக் கம்ப்யூட்டர் சயின்ஸ் வேண்டும். நல்ல மார்க்கும் இருந்தது. ஆனால் அவள் படித்த கன்னியர் பள்ளியில் அந்தக் குரூப்பே கிடையாது. லூயிசா மகளைக் கூட்டிக்கொண்டு திருவான்மியூர் வரை ஏறி இறங்கிவிட்டாள். எங்கும் சீட்டு நிரம்பிவிட்டது, அல்லது கேட்ட டொனேஷனில் தலை சுற்றியது.

"காமர்ஸ் எடு. பேங்க்ல ஃபேன் கீழ உக்காந்து வேலை. பொம்பளப் புள்ளைக்கு அது போதாதா?" என்றார் லியோனார்ட். லூயிசா பதில் பேசவில்லை. அவள் பேசாவிட்டால் சம்மதம் என்று எடுத்துக்கொள்வது அவர் வழக்கம். மனுஷன் அத்தனை கெட்டிக்காரர்.

அட்மிஷன் அன்று காலை பள்ளி அலுவலக வாசலில் 'மரபைக் காப்போம்' என்ற அட்டையைப் பிடித்துக்கொண்டு லியோனார்ட் நின்றார். கூட ரொனால்டும் இன்னும் நாலு வழுக்கைப் பையன்களும். பெண்களைக் கூட்டிவந்த பெற்றோர் இவர்களைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனார்கள். அந்த வரிசையில் லூயிசாவும் சான்ட்ராவும் வந்தார்கள். அவரைப் பார்த்தார்கள். நிற்கவில்லை.

லியோனார்ட் அட்டையை ரொனால்ட் கையில் திணித்துவிட்டுப் பின்னாலேயே ஓடினார்.

"அடடே, உங்க பொண்ணா சார்?" என்றார் ஃபாதர் ஆஸ்டின். "அப்போ பேச்சே இல்ல. பழைய மாணவர் பிள்ளைன்னா மார்க் பாக்காம சீட்டு. நீங்க சண்டை போட்டு வாங்கின ரூலாச்சே."

உண்மைதான். நம் பிள்ளைகள் போட்டி போட்டு எங்கே ஜெயிக்கப்போகிறார்கள் என்று பயந்து அவர் கொண்டுவந்த ஏற்பாடு அது. லியோனார்டின் முகத்தைப் பார்க்க வேண்டுமே. மரபாவது மண்ணாவது. கொஞ்சமும் கூச்சமில்லாமல் மலர்ந்துவிட்டது.

"ஆமா ஃபாதர், நாங்க சில்வெஸ்டர் குடும்பம்" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"வேணாம் ஃபாதர்" என்றாள் சான்ட்ரா. "என் மார்க்குக்கு வந்தா குடுங்க. அப்பா பேர்ல வேணாம்."

"ஏம்மா?"

"அவர் எதிர்த்து வெளிய நிக்கிறாரு. எனக்காகப் பாதியில விட்டா நல்லா இருக்காது."

அவள் குரலில் கோபம்கூட இல்லை. அதுதான் லியோனார்டுக்குச் சுருக்கென்றது. லூயிசா ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஃபாதர் மார்க்கைப் பார்த்தார், சான்ட்ராவிடம் கணக்கில் இரண்டு கேள்வி கேட்டார், தலையாட்டினார்.

"கம்ப்யூட்டர் சயின்ஸ் போட்டாச்சு. லியோனார்ட் சார், நீங்க எழுந்துக்கிறீங்களா? அடுத்த பேரன்ட்ஸ் உக்காரணும்."

வெளியே வந்தவரை ரொனால்ட் பிடித்துக்கொண்டார். "இன்னாச்சு மச்சி?"

"பாப்பாவுக்கு சீட்டு குடுத்துட்டாங்க."

"பின்னே, உன் பேரைச் சொன்னா குடுக்காம இருப்பாங்களா?"

லியோனார்ட் ஆமாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். பின்னாலேயே சான்ட்ரா வந்துகொண்டிருந்தாள். மூடிக்கொண்டார்.