தலையணை ஓரத்து எறும்பு

அந்த வீட்டில் அவளை நர்ஸம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். நர்ஸ் படிப்பெல்லாம் கிடையாது. கணவன் இறந்த பிறகு ஒரு பயிற்சி. அதிலிருந்து, படுக்கையில் விழுந்தவர்களைக் குளிப்பாட்டி, புரட்டிப் போட்டு, ஊட்டியே ஆயுசில் பாதி போய்விட்டது. எந்த வீட்டிலும் ஒரு பேச்சு வாங்கியதில்லை. இங்கே வாங்கினாள்.

"அம்மா கன்னத்தைப் பாருங்க, தோலே வழண்டு போச்சு! முகம் கழுவறீங்களா, பாத்திரம் தேய்க்கறீங்களா?" என்றாள் மகள்.

"பஞ்சை நனைச்சு ஒத்தித்தாம்மா எடுக்கறேன்."

"அப்போ பேய் வந்து தேய்க்குதா? இன்னொரு தரம் இப்படி இருந்தா வேற ஆளைப் பார்த்துக்குவேன்."

கட்டிலில் கிடந்த அவள் அம்மா, நர்ஸம்மாவுக்குப் பெரியம்மா, வாயே திறக்கவில்லை. நர்ஸம்மாவுக்குச் சுருக்கென்றது. பக்கவாதம் இடது பக்கத்தைத்தான் முடக்கியது, நாக்கை அல்ல. வாய் ஓயாத மனுஷி இப்போது ஏன் சுவரைப் பார்க்கிறாள்?

விரிப்பு மாற்றும்போது தலையணை ஓரம் எறும்புச் சாரை. சர்க்கரை வியாதிக்காரியின் கட்டிலில் எறும்பா? மகள்தான் திருட்டுத்தனமாக இனிப்பு கொடுக்கிறாளோ? கட்டிலருகே நர்ஸம்மா தன் டீக்காக வைத்திருந்த சர்க்கரை டப்பாவின் மூடியும் கோணலாக இருந்தது. வெளியே போவதுபோல் போய்க் கதவிடுக்கில் நின்றாள்.

பெரியம்மாவின் வலது கை டப்பாவுக்குள் போனது. வாய்க்குப் போகவில்லை. கன்னத்தில் கரகரவென்று தேய்த்தது.

"அட பெரியம்மா!"

"கத்தாதேடி! வீடியோ கால்ல என் நாத்தனார் முகத்தைப் பார்த்தியா? என்னைவிட மூத்தவ, சர்க்கரை தேய்ச்சே பளபளன்னு இருக்கா. நான் செதில் செதிலா கிடக்கேன். மககிட்ட சொல்லிடாதே, சிரிப்பா."

"சொல்லாம என் பொழப்பைக் கெடுத்துக்கவா?"

மகள் வந்ததும் சொல்லிவிட்டாள். மகள் நம்பவில்லை. "எந்திரிக்க முடியாதவ மேல பழியைப் போடறீங்களே!"

"நான்தான்டி," என்றது கட்டில். "அவளை விடு."

கன்னம் ஆறும்வரை வெறும் தண்ணீரும் க்ரீமும்தான் என்றாள் நர்ஸம்மா. ஆறிய பிறகு வாரத்துக்கு ஒருநாள், மெல்லிய துணியை வெதுவெதுப்பான நீரில் நனைத்து, அழுத்தாமல் வட்டமாகத் துடைத்து, ஒற்றி எடுத்து, ஈரத்தோடு க்ரீம் போட்டாள். எரிந்தால் உடனே நிறுத்திவிட வேண்டும் என்று மகளுக்கும் சொல்லிக் கொடுத்தாள். செதில் அடங்கியது.

பெரியம்மா கண்ணை இடுக்கினாள். "எரியவே இல்லையே. நெசமாத்தான் எதாவது செய்யறியா, இல்ல சும்மா தடவி ஏமாத்தறியா?"

சர்க்கரை டப்பா இப்போது சமையலறை மேல்தட்டில். ஆனாலும் நர்ஸம்மா தினமும் தலையணையைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் மறுவேலை.