சொட்டிக்கொண்டே இருந்த சன்ஷேடு

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை. மயிலாடுதுறை பக்கத்துக் குத்தாலத்தில் ஒரு பெண் தண்ணீர் பாய்ச்சுவதைக் காலையிலிருந்து நின்று வேடிக்கை பார்த்தேன். வயலுக்கு அல்ல, சுவருக்கு.

பஸ் ஸ்டாண்ட் போகிற ரோட்டில் எங்களுக்கு ஒரு மாடிக் கட்டடம் இருக்கிறது. கீழே பஷீர் பாயின் பேக்கரி, பக்கத்தில் ஒரு மருந்துக்கடை. மாடி ரொம்ப நாளாகக் காலி. கிளினிக் வைக்க இடம் தேடி ஒரு கண் டாக்டர் வந்தார். உள்ளே எல்லாம் பிடித்துவிட்டது. வெளியே வந்து அண்ணாந்து பார்த்தவர், கொஞ்சம் தயங்கி, “கண்ணைக் காட்ட வர்றவங்க கண்ணுல முதல்ல இதுதானே டீச்சர் படும்?” என்றார்.

நியாயமான கேள்வி. நம் பக்கத்து மழைக்கு எந்தச் சுவர்தான் வெள்ளையாக இருக்கிறது? மேலிருந்து கீழ்வரை கரும்பாசி. இதுவரை மூன்று முறை பெயின்ட் அடித்தாகிவிட்டது. ஒவ்வொரு முறையும் ஐப்பசி, கார்த்திகை தாண்டினால் பாசி திரும்ப வந்து உட்கார்ந்துகொள்ளும்.

பெங்களூரிலிருந்து என் மகள்தான் தேடிப் பிடித்துக் கொடுத்தாள். நன்னிலத்துக்காரர்கள். ரைஸ் மில், கல்யாண மண்டபம், கடைகள் என்று வெளிச்சுவரை மெஷின் வைத்துக் கழுவித் தருகிறார்களாம். நான் என்ன எதிர்பார்த்தேன்? பைக் வாட்டர் வாஷ் கடையில் நிற்பார்களே, அந்த மாதிரி இரண்டு பேர்.

வந்தவர் தமிழரசி. முப்பத்தைந்து வயது இருக்கலாம். சுடிதாருக்கு மேல் ரெயின்கோட், ரப்பர் பூட்ஸ், ஹெல்மெட். வேனை ஓட்டிவந்து ஹோஸை இறக்கியவர் அவருடைய கணவர் குமார். மெஷினைப் பார்த்துக்கொள்வது தன் வேலை, கழுவுவது அவங்க வேலை என்று வந்ததுமே சொல்லிவிட்டார்.

எடுத்ததும் தண்ணீர் அடிக்கவில்லை. சுவர் முழுக்க ஏதோ மருந்தைத் தெளித்துவிட்டு அரைமணி நேரம் சும்மா நின்றார். எனக்குப் பொறுக்கவில்லை. அதான் மெஷின் இருக்கிறதே, ஃபுல் ஸ்பீடில் அடித்தால் போகாதா என்று கேட்டேன்.  தமிழரசி கீழே கிடந்த ஓர் உடைந்த செங்கல்லை ஓரமாக வைத்து, ஒரே ஒரு முறை தண்ணீரை ஓடவிட்டார். செங்கல்லில் விரல் நுழைகிற அளவுக்குப் பள்ளம்.

“இதுதாங்க ஃபுல் ஸ்பீடு. சுவருக்கு இது வேணாம். பாசி மருந்துலயே செத்துடும். தண்ணி அதைக் கூட்டிட்டுப் போனாப் போதும்.”

பிறகு ஆரம்பித்தார். மாடி வரைக்கும் எட்டுகிற நீளக் குழாய். சாய்வாக, ஒரே சீராக, மேலிருந்து கீழே. கறுப்பு கரைந்து ஓட ஓட, பின்னாலேயே வெள்ளை வந்துகொண்டிருந்தது. மாத்திரை வாங்க வந்தவர்கள் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டார்கள். நானும்தான். என் கட்டடம் இத்தனை அழகா?

பேக்கரி பக்கம் முடிந்தது. பஷீர் பாய் வாசல் பெஞ்சைப் பழையபடி சன்ஷேடுக்குக் கீழே இழுத்துப் போட்டார். மயிலாடுதுறை பஸ்ஸுக்குக் காத்திருந்த காலேஜ் பெண்கள் நாலு பேர் வந்து உட்கார்ந்தார்கள். தமிழரசி மருந்துக்கடை பக்கம் நகர்ந்தவர், திரும்பிப் பார்த்தார். மெஷினை நிறுத்தச் சொன்னார்.

“டீச்சர், கொஞ்சம் இங்க வாங்க. மத்த சன்ஷேடெல்லாம் வடிஞ்சிருச்சு. இது மட்டும் ஏன் இன்னும் சொட்டுது?”

பார்த்தேன். சொட்டிக்கொண்டுதான் இருந்தது. ஓரத்திலிருந்து அல்ல, அடிப்பக்கத்தில் நட்ட நடுவிலிருந்து. காபி டிகாக்‌ஷன் நிறத்தில்.

உள்ளே தண்ணீர் போகிறது, கம்பி துருப்பிடித்திருக்கிறது என்றார். அந்தப் பெண்களைப் பதமாக எழுப்பி அந்தப் பக்கம் நிற்கச் சொன்னார். பெஞ்சைத் தானே இழுத்தார். குமார் இரண்டு பக்கமும் கயிறு கட்டிவிட்டார். பஷீர் பாய்க்கு முகம் சுருங்கிவிட்டது. பப்ஸ் சூடாக வந்து இறங்கும் நேரம், வாசலில் கயிறு கட்டினால் யார் வருவார்கள்?

நான் மட்டும் என்ன யோக்கியம்? நாலு மணிக்கு டாக்டர் வருகிறார். மிச்சத்தையும் இன்றே கழுவிவிடலாம், நாளைக்குக் கொத்தனாரைக் கூப்பிட்டுக் காட்டுகிறேன் என்றேன். எழுதும்போது கூச்சமாக இருக்கிறது. ஆனால் அப்படித்தான் சொன்னேன்.

தமிழரசி குரலை உயர்த்தவில்லை.

“கழுவிட்டுப் போயிடலாம் டீச்சர். வெள்ளையா இருந்தா இன்னும் நாலு பேரு நம்பி வந்து நிப்பாங்க.”

 கொத்தனாருக்குப் போன் போட்டேன்.

அவர் வர ஒன்றரை மணி நேரம் ஆனது. அவ்வளவு நேரமும் தமிழரசி கயிற்றுக்குப் பக்கத்திலேயே நின்றார். கயிற்றைத் தூக்கிக்கொண்டு உள்ளே நுழையப் பார்த்தவர்களை ஒவ்வொருவராகத் திருப்பி அனுப்பினார். இரண்டு பேர் திட்டிவிட்டுப் போனார்கள். அவர் அசையவில்லை.

கொத்தனார் வந்தார். தள்ளி நின்றுகொண்டு நீளக் கடப்பாரையால் அடியில் ஒரு தட்டுத் தட்டினார். உள்ளே ஒன்றும் இல்லாததுபோல ஒரு சத்தம். இரண்டாவது தட்டு...

ஒரு கட்டில் அளவு கான்க்ரீட் அப்படியே கீழே வந்தது. என் காலுக்கடியில் தரை அதிர்ந்தது. தூசி அடங்கியதும் பார்த்தால், பெஞ்ச் கிடந்த அதே இடம். மேலே தொங்கிய கம்பியைக் கொத்தனார் கையால் பிடித்து இழுத்தார். மக்கிய சுள்ளி மாதிரி உதிர்ந்தது.

 பஷீர் பாய் உள்ளே போய் ஒரு நாற்காலியைக் கொண்டுவந்து தமிழரசிக்குப் போட்டார். டீ கொடுத்தார்.  “உக்காருங்கம்மா” என்றார்.

எனக்கு அப்போதுதான் நினைவு வந்தது. அந்த சன்ஷேடின் அடியில் மயிரிழைபோல ஒரு கோடு இருந்தது. பெயின்ட் அடிக்க வந்தவர்கள் ஒவ்வொரு முறையும் காட்டினார்கள். பட்டி பார்த்து மேலே அடித்துவிடுங்கள் என்று ஒவ்வொரு முறையும் சொன்னது நான்தான்.

எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று தமிழரசியைக் கேட்டேன். அவருக்கு இது பெரிய விஷயமாகவே தெரியவில்லை. அப்பா அம்மா கூலிக்கு நாற்று நட்டவர்கள், இப்போது சொந்தமாக நாலு மா நிலம் இருக்கிறது, நடவு சமயத்தில் மெஷினை மூடி வைத்துவிட்டுத் தானும் வயலுக்குப் போவதுண்டு என்றார்.

“வரப்புல நண்டு வளை இருந்தா மேல ஒண்ணும் தெரியாதுங்க. அடுத்த வயல்ல கசியும். கசியுற இடத்தை வெச்சுத்தான் வளையைத் தேடணும். இங்கயும் அதான் பாத்தேன்.”

எங்கள் குடும்பத்துக்கும் ஒரு காலத்தில் நிலம் இருந்தது. மூட்டை மூட்டையாக நெல் வீட்டுக்கு வரும். நான் ஒரு நாளும் வரப்பில் இறங்கி நடந்ததில்லை.

நாலு மணிக்கு டாக்டர் வந்தார். பாதி வெள்ளை, பாதி கறுப்பு, வாசலில் இடிபாடு. மறைக்காமல் எல்லாவற்றையும் சொன்னேன். கீழே கிடந்த கான்க்ரீட்டைக் குனிந்து பார்த்தார். நிதானமாகச் சரி பண்ணுங்கள், காத்திருக்கிறேன் என்றார். போகும்போது குமாரிடம் போன் நம்பர் வாங்கிக்கொண்டார். அவருடைய சொந்த வீட்டுக்காம்.

எல்லா சன்ஷேடையும் தட்டிப் பார்த்தோம். மருந்துக்கடைக்கு மேலேயும் ஒன்று பழுது. அதையும் இடித்துப் புதிதாகப் போட்டாயிற்று. தமிழரசி மறுபடி வந்து மிச்சச் சுவரைக் கழுவிக் கொடுத்தார். போன வெள்ளிக்கிழமை கிளினிக் திறந்தாகிவிட்டது.

எனக்குத்தான் ஒரு புதுப் பழக்கம். எங்கே பஸ்ஸுக்கு நின்றாலும் தலைக்கு மேலே என்ன இருக்கிறது என்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே நிற்கிறேன். இந்த வாரம் மட்டும் இரண்டு பஸ்ஸை விட்டுவிட்டேன்... போகட்டும், பஸ் அடுத்தது வரும்.